வலைக்கு முன்னால் ஒரே ஓர் இடம்: வாசகர் கேள்வி பதில்

நட்சத்திரங்களைப் பற்றி அல்லாமல், கிளப்புக்குக் கிளப் மாறிக்கொண்டே பதினைந்து இருபது ஆண்டுகளைத் தொழில்முறைக் கால்பந்தில் கழித்துவிடும் கோல்கீப்பர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரு கோல்கீப்பர் பத்துப் பதினைந்து கிளப்புகளில் இருந்திருக்கிறார் என்று படிக்கும்போது, எங்கும் நிலைக்க முடியாதவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திறமைக் குறைவுதானே இதற்குக் காரணம்?

பதில்: சிலர் விஷயத்தில் அதுவும் உண்மைதான். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் இடங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நடுக்களத்தில் மூன்று பேருக்கோ நான்கு பேருக்கோ இடம் உண்டு. தாக்குதல் வீரர் ஒருவர் முதல் பதினொருவரில் இல்லாவிட்டாலும் கடைசி அரை மணி நேரத்தில் களமிறங்கித் தன்னைக் காட்டிக்கொள்ள முடியும். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே ஓர் இடம். ஒரு பெரிய கிளப்பில் குறைந்தது மூன்று கோல்கீப்பர்கள் இருப்பார்கள். காயமோ சிவப்பு அட்டையோ குறுக்கிடாத வரை, அவர்களில் இருவர் வாரம் முழுவதும் பயிற்சி செய்துவிட்டு ஆட்ட நாளில் வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, பெனால்டி ஷூட் அவுட்டுக்காகவே நெதர்லாந்து அணி கடைசி நிமிடத்தில் டிம் க்ரூலை இறக்கியது இன்றும் பேசப்படுகிறது என்றால், அப்படி ஒரு மாற்றம் அவ்வளவு அபூர்வம் என்பதே பொருள்.

ஆகவே இரண்டாம் நிலையில் இருப்பவருக்கு இரண்டு வழிகள்தாம்: காத்திருப்பது, அல்லது வேறு கிளப்புக்குப் போவது. போன இடத்தில் பயிற்சியாளர் மாறினால், புதியவர் தனக்குப் பழகிய ஒரு கோல்கீப்பரைக் கூடவே அழைத்து வருவார். உடனே இவர் மீண்டும் இரண்டாமவர் ஆகிவிடுவார். ஆஸ்திரியாவின் அலெக்ஸ் மானிங்கர் 1998இல் அர்செனல் அணியில் காயமுற்ற டேவிட் சீமனுக்குப் பதிலாக வந்து, பிரீமியர் லீக்கில் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. சீமன் குணமானதும் இடம் சீமனிடமே திரும்பிப் போனது. அதன் பின் மானிங்கர் இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரியா, ஜெர்மனி என்று கிளப்புகள் மாறி, யுவென்டஸில் நான்கு ஆண்டுகள் இருந்து, 2016இல் லிவர்பூலில் சேர்ந்து, அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். யுவென்டஸும் லிவர்பூலும் திறமையற்றவருக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப்புகள் அல்ல. பெரும்பாலான இடங்களில் அவருக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார் என்பதற்கு மேல் இதில் தேடிப் பார்க்க எதுவுமில்லை என்பது என் கருத்து.

கேள்வி: ஆறு கண்டங்களிலும் தொழில்முறையாக ஆடிய ஒரு கோல்கீப்பர் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கட்டுக்கதையா?

பதில்: உண்மைதான்; கதையாக எழுதியிருந்தால்தான் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் பெயர் லுட்ஸ் ஃபானன்ஷ்டீல். 1973இல் பிறந்த ஜெர்மானியர். இளம் வயதிலேயே ஜெர்மனியை விட்டு மலேசியாவின் பினாங்கு அணிக்குப் போனவர், அதன் பின் நிற்கவே இல்லை. சிங்கப்பூர், இங்கிலாந்து, பின்லாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, ஆர்மீனியா என்று நீண்ட அந்தப் பயணத்தில், 2008இல் பிரேசிலின் இபிராமா என்னும் சிறிய கிளப்பில் சேர்ந்தபோது, ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் வீரர் ஆனார். அதற்குப் பிறகும் ஓயாமல் நமீபியாவில் ஆடினார்.

இதில் ஒரு நடைமுறை நுட்பமும் இருக்கிறது. ஃபிஃபாவின் விதிப்படி ஒரு வீரர் ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவற்றில் இரண்டுக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஆடலாம், சீசன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாடுகளுக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் குளிரின் காரணமாக வசந்தத்தில் தொடங்கும் லீக் இலையுதிர் காலத்தில் முடிந்துவிடுகிறது. பூமியின் தென்பாதியில் கோடை தொடங்குவது அதற்குப் பிறகுதான். நாட்காட்டியை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த கோல்கீப்பர், ஒரு சீசன் முடியும் இடத்திலிருந்து இன்னொன்று தொடங்கும் இடத்துக்குப் போய், வருடம் முழுவதும் வேலையில் இருக்கலாம்.

சாகசமாகவே இதைச் சொல்லிக்கொண்டு போவதும் நேர்மையாகாது. சிங்கப்பூரில் ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் அவர் தண்டிக்கப்பட்டு 101 நாட்கள் சிறையில் இருந்தார். தான் குற்றமற்றவர் என்றே தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார். 2002 டிசம்பரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது எதிரணி வீரருடன் மோதியதில் மூச்சு நின்று, களத்திலேயே உயிர்ப்பிக்கப்பட்டார். பணமும் பாதுகாப்பும் பெரிய கிளப்புகளில் கூடவே வரும். சின்ன கிளப்புகளில் அவை உங்கள் கூட வருமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அவர் பின்னாளில் ஹோஃபன்ஹைமில் புதிய வீரர்களைத் தேடும் பொறுப்பிலும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டி கிளப்பில் விளையாட்டு இயக்குநராகவும் அமர்ந்தார். பல நாடுகளின் உடைமாற்று அறைகளில் உட்கார்ந்து எழுந்தவருக்கு, எங்கே யார் கிடைப்பார் என்று தெரிந்திருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: மூன்றாவது கோல்கீப்பர் ஓர் ஆட்டமும் ஆடுவதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு எதற்குச் சம்பளம்?

பதில்: அவர் ஆட்ட நாளில்தான் உட்கார்ந்திருக்கிறார், மற்ற நாட்களில் அணியிலேயே அதிகமாக விழுந்து எழுபவர்களில் அவரும் ஒருவர். தாக்குதல் வீரர்கள் கோலடிக்கப் பயிற்சி செய்யும்போது, முதல் கோல்கீப்பரின் தோளையும் இடுப்பையும் நூறு முறை தரையில் அடிக்க விட எந்தப் பயிற்சியாளரும் துணிய மாட்டார். அந்தப் பந்துகளை வாங்குவது மூன்றாமவர். அவர் ஒப்புக்கு நின்றால் எதிரே பயிற்சி செய்பவரின் தரமும் இறங்கிவிடும். அடுத்த வாரம் சந்திக்கப்போகும் எதிரணியின் கோல்கீப்பர் எப்படி முன்னேறி வருவார், எப்படிப் பந்தை உதைப்பார் என்று பயிற்சியில் நடித்துக் காட்டுவதும் பெரும்பாலும் இவர் வேலைதான்.

ஸ்காட் கார்சனைப் பாருங்கள். 2005 ஏப்ரலில், பத்தொன்பது வயதில், லிவர்பூலுக்காக யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஆடினார். அதே ஆண்டு இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் இருந்து வெற்றிப் பதக்கம் பெற்றார். 2007 நவம்பரில் இங்கிலாந்துக்காகக் குரோஷியாவுக்கு எதிராக அவர் தவறவிட்ட ஒரு பந்தை ஆண்டுக்கணக்கில் சொல்லிக் காட்டினார்கள். பிறகு வெஸ்ட் பிராம், துருக்கியின் பர்சாஸ்போர், விகன், டெர்பி என்று போய், 2019இல் மான்செஸ்டர் சிட்டிக்கு மூன்றாவது கோல்கீப்பராக வந்தார். 2025 வரை அங்கே இருந்தவர் களமிறங்கியது இரண்டே ஆட்டங்களில்: 2021இல் நியூகாசிலுக்கு எதிராக ஒன்று, 2022இல் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிராக மாற்று வீரராக இன்னொன்று. 2023இல் சிட்டி சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது அவரும் பெஞ்சில் இருந்தார். முதல் பதக்கத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்.

கிளப்பின் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. பிரீமியர் லீக்கின் 25 பேர் பட்டியலில், இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வளர்ந்து வராத வீரர்கள் அதிகபட்சம் 17 பேர்தான் இருக்கலாம். ஆடாவிட்டாலும் முகம் சுளிக்காத, இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய, உள்நாட்டில் வளர்ந்த அனுபவசாலி ஒருவரை மூன்றாம் இடத்தில் வைத்துக்கொண்டால், அந்தக் கட்டுப்பாட்டில் ஓர் இடத்தைக் கிளப் மிச்சப்படுத்துகிறது. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகும் சில இங்கிலாந்து கோல்கீப்பர்களுக்குப் பெரிய கிளப்புகளிலிருந்து அழைப்பு வருவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

"சும்மா" என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறேன். 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் மைதானத்தில் செல்சியின் பீட்டர் செக் ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே மண்டையோடு உடைந்து வெளியேறினார். பதிலாக வந்த குடிச்சீனியும் கடைசி நேரத்தில் மயங்கி விழ, தடுப்பாட்டக்காரர் ஜான் டெரி கையுறை அணிந்து வலைக்கு முன்னால் நின்றார். நான்கே நாட்களில் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அதில் நின்றவர் மூன்றாவது கோல்கீப்பரான ஹிலாரியோ. செல்சி 1-0 என்று வென்றது.

கேள்வி: வீரர் மாற்றத்துக்கான காலம் முடிந்த பின் ஒரு கிளப்பின் எல்லா கோல்கீப்பர்களும் காயமுற்றால் என்ன செய்வார்கள்?

பதில்: அவசரகால லோன், அதாவது இன்னொரு கிளப்பின் வீரரைக் குறுகிய காலத்துக்கு இரவலாகப் பெறுவது, என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில், தொழில்முறை கோல்கீப்பர் ஒருவரும் ஆடும் நிலையில் இல்லை என்று காட்டினால், ஏழு நாட்களுக்கு மட்டும் வேறு கிளப்பிலிருந்து ஒருவரைப் பெற அனுமதி தருவார்கள். தேவை தொடர்ந்தால் மறுபடி ஏழு நாட்கள். இந்த விலக்கு கோல்கீப்பர்களுக்கே உரியது. வியாழக்கிழமை மாலை தொலைபேசி ஒலிக்கும். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பயிற்சி. சனிக்கிழமை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்து, எங்கே நிற்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். குரலும் தன்னம்பிக்கையும் இல்லாதவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

இதில் எல்லோரும் நினைவுகூரும் பெயர் ஜிம்மி கிளாஸ். 1999இல் கார்லைல் யுனைடெட் கோல்கீப்பரே இல்லாமல் தவித்தபோது, காலக்கெடு முடிந்த பின்னும் சிறப்பு அனுமதியுடன், ஸ்விண்டன் கிளப்பிலிருந்து லோனில் வந்தவர் அவர். மூன்று ஆட்டங்கள் ஆடினார். மூன்றாவது ஆட்டம் மே 8 அன்று, சீசனின் கடைசி நாளில், பிளிமத் ஆர்கைல் அணிக்கு எதிராக நடந்தது. வென்றால் மட்டுமே கார்லைல் நான்காம் நிலையில் தங்கும். இல்லையேல் நான்கு நிலைகள் கொண்ட லீக் அமைப்பை விட்டே வெளியே போக வேண்டும். கூடுதல் நேரமும் முடியப்போகும் வேளையில் 1-1 என்று இருக்க, கார்னர் கிடைத்தது. கிளாஸ் தன் வலையை விட்டு மைதானத்தின் மறுகோடிக்கு ஓடி வந்து, எதிரணி கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை உதைத்து வலைக்குள் சேர்த்தார். கார்லைல் பிழைத்தது, ஸ்கார்பரோ கீழிறங்கியது.

அந்தக் கோலுக்குப் பிறகு என்ன ஆனது என்பதைப் பலர் கேட்பதில்லை. லோன் முடிந்து கிளாஸ் திரும்பிப் போனார். அதன் பின் இரண்டு ஆண்டுகளில் சில கிளப்புகள் மாறியும் நிலையான இடம் கிடைக்காமல், முப்பது வயதுக்கு முன்பே லீக் கால்பந்தை விட்டு விலகினார். பிற்காலத்தில் டாக்ஸி ஓட்டினார். அடித்த கோலை வைத்து யாரும் கோல்கீப்பரை வேலைக்கு எடுப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் கறாரான பக்கம்.

கேள்வி: இவர்களின் வருமானமும் ஒப்பந்தப் பாதுகாப்பும் எப்படி?

பதில்: தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் லீக்குகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளைச் சேர்ந்த சுமார் 14,000 வீரர்களைக் கேட்டு வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களில் 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாகியிருக்கிறது; 45 சதவீதம் பேர் மாதம் ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் குறைவாகவே பெற்றிருக்கிறார்கள். சராசரி ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. ஆடாத கோல்கீப்பருக்கு இன்னொரு குறையும் உண்டு: ஆட்டத்துக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஊக்கத்தொகைகள் அவர் கைக்கு வருவதே இல்லை.

பாதுகாப்பு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரர், புதிய கிளப் பழைய கிளப்புக்கு எந்தத் தொகையும் கட்டாமலே, வேறு கிளப்புக்குப் போக முடிகிறது. நாடோடி கோல்கீப்பர்களுக்கு இத்தனை கதவுகள் திறந்தது அதனால்தான். 2018 முதல், இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாகிவிட்டால், எழுத்து மூலம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் ஃபிஃபா விதி தருகிறது. விதி இருப்பதும் பணம் வருவதும் வேறு வேறு என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

கேள்வி: நாற்பது வயதிலும் கோல்கீப்பர்கள் ஆடுகிறார்களே, எப்படி?

பதில்: ஓட வேண்டிய தூரம் குறைவு, அனுபவத்தால் எங்கே நிற்பது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பந்துகளுக்குப் பாய வேண்டியதே இல்லை. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஆடி, சவூதி அரேபியாவுக்கு எதிராக ஒரு பெனால்டியையும் தடுத்தார். ஜான் பரிட்ஜ் 29 கிளப்புகளில் இருந்தவர். 1995இல் மான்செஸ்டர் சிட்டிக்காக 43 வயதில் ஆடியதால் பிரீமியர் லீக்கில் களமிறங்கியவர்களிலேயே மூத்தவர் என்ற பெயர் அவருக்கு. பின்னர் ஓமனில் பயிற்சியாளராக இருந்தபோது, தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டிருந்த அலி அல்-ஹப்ஸியை அடையாளம் கண்டு வளர்த்துவிட்டதும் அவரே. அல்-ஹப்ஸி பிறகு போல்டன், விகன் அணிகளுக்கு ஆடினார்.

பீட்டர் ஷில்டனின் கடைசி ஆண்டுகள் இன்னும் சுவாரசியமானவை. பிளிமத்தை விட்டு விலகியபோது அவர் லீக்கில் 995 ஆட்டங்கள் ஆடியிருந்தார். ஆயிரத்தைத் தொட இன்னும் ஐந்து வேண்டும். அதற்காக நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் விம்பிள்டன், போல்டன், கோவென்ட்ரி, வெஸ்ட் ஹாம் என்று அலைந்து, நான்கு கிளப்புகளிலும் சேர்த்து ஒரே ஒரு லீக் ஆட்டம் ஆடினார். கடைசியில் லெய்டன் ஓரியன்ட் அணியில், 1996 டிசம்பர் 22 அன்று ஆயிரமாவது ஆட்டம் வாய்த்தது. இங்கிலாந்துக்காக 125 ஆட்டங்கள் ஆடியவர்கூட அந்த ஐந்து ஆட்டங்களுக்காக நாடோடியாக வேண்டியிருந்தது.

கேள்வி: என் மகனுக்கு வயது பதினெட்டு. நல்ல கிளப் ஒன்றின் இளையோர் அணியில் கோல்கீப்பர். கீழ்நிலை அணிக்கு லோனில் அனுப்ப விரும்புகிறார்கள். போகலாமா?

பதில்: போகட்டும், ஆனால் அங்கே ஆட வைப்பார்களா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கிளப்பின் பெஞ்சிலிருந்து சின்ன கிளப்பின் பெஞ்சுக்குப் போவதில் பயனில்லை. இளையோர் ஆட்டங்களில் கிடைக்காத ஒன்று பெரியவர்களின் லீக்கில் கிடைக்கும்: கார்னரின்போது முழங்கையால் இடிக்கும் முப்பது வயதுக்காரர்கள், ஒரு தவறால் ஊக்கத்தொகை போய்விடுமோ என்று முறைக்கும் சக வீரர்கள். அதோடு கால்களையும் கவனிக்கச் சொல்லுங்கள். 1992இல், சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வந்ததிலிருந்து, கைகள் மட்டும் நன்றாக இருக்கும் கோல்கீப்பருக்கு வேலைவாய்ப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது.

எமிலியானோ மார்ட்டினெஸ் பதினேழு வயதில் அர்ஜென்டினாவிலிருந்து அர்செனலுக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வென்ஸ்டே, ராதர்ஹாம், வுல்வ்ஸ், ஸ்பெயினின் ஹெதாஃபே, ரெடிங் என ஆறு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பப்பட்டார். 2020 ஜூனில் பெர்ன்ட் லெனோ காயமுற்றபோதுதான் கதவு திறந்தது. அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்தெட்டு வயது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பை, கோப்பா அமெரிக்கா, உலகக் கோப்பை, அந்த உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பர் விருது எல்லாம் வந்தன. இதை ஆறுதலாகச் சொல்லலாம், வாக்குறுதியாகச் சொல்ல முடியாது. லெனோ அன்று விழாமல் இருந்திருந்தால் மார்ட்டினெஸ் ஏழாவது லோனுக்குப் போயிருக்கவும் கூடும். ஆகவே படிப்பை விட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்; கோல்கீப்பருக்குப் பயணத்திலும் காத்திருப்பிலும் நேரம் நிறையவே கிடைக்கும்.

கேள்வி: ஆடாத கோல்கீப்பருக்கும் சாம்பியன் பதக்கம் தருவார்களா?

பதில்: போட்டிக்குப் போட்டி வேறுபடும். பிரீமியர் லீக்கில் முன்பு பத்து ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 1998இல் ஏழே ஆட்டங்கள் ஆடியிருந்த மானிங்கருக்குச் சிறப்பு அனுமதியுடன் கொடுத்தார்கள். 2012-13 சீசனிலிருந்து ஐந்து ஆட்டங்கள் போதும். சாம்பியன் கிளப்புக்கு மொத்தம் நாற்பது பதக்கங்கள் தரப்படுவதால், மீதமிருப்பவற்றை ஆடாத கோல்கீப்பருக்குக் கொடுப்பது கிளப்பின் விருப்பம்.